எண்ணோடு வந்த பிழைகள்

இயந்திரம் வேகமாக ஓடியது என்ற ஒரே காரணத்துக்காகப் புரோகிராம் படுத்துவிட்ட காலம் ஒன்று இருந்தது. தொண்ணூறுகளின் கடைசி. பாளையங்கோட்டையில் நாங்கள் படித்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் சென்டரில், 386, 486 பெட்டிகளில் வருஷக்கணக்காகச் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்த டர்போ பாஸ்கல் புரோகிராம்களைப் புதிதாக வந்திறங்கிய பென்டியம் டூ பெட்டியில் போட்டோம். திரையில் ஒரு கோடுகூட வரவில்லை. ‘ரன்டைம் எரர் 200’ என்று ஒரு வரி. அதன் பின்னால், நினைவகத்தில் எந்த இடத்தில் விழுந்தது என்று சொல்லும் முகவரி. மறுபடியும் கறுப்புத் திரை. புத்தகத்தைப் புரட்டினால் 200 என்பது பூஜ்யத்தால் வகுத்ததற்கான எண். எங்கள் புரோகிராமில் வகுத்தலே கிடையாது.

சென்டரை நடத்தியவரை நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அண்ணன் அதை விடவில்லை. எங்கெங்கோ விசாரித்து வந்து, ஒரு சாயங்காலம் போர்டில் எழுதிக் காட்டினார். பாஸ்கலில் ‘சிஆர்டி’ என்று ஒரு யூனிட் உண்டு. திரையைத் துடைக்க, நிறம் மாற்ற, கொஞ்ச நேரம் காத்திருக்கச் செய்ய, எல்லாவற்றுக்கும் அதைத்தான் சேர்ப்போம். காத்திருக்க வேண்டுமென்றால் இயந்திரத்தின் வேகம் தெரிய வேண்டும். அதனால் நாம் எழுதிய முதல் வரி ஓடுவதற்கு முன்பே அந்த யூனிட் ஒரு சோதனை செய்துகொள்ளும். கடிகாரம் ஒரு தடவை துடிக்கிற நேரத்துக்குள், அதாவது ஏறத்தாழ 55 மில்லிசெகண்டுக்குள், எத்தனை சுற்று ஓட முடிகிறது என்று எண்ணி, அதை 55ஆல் வகுக்கும். விடை 65,535க்குள் அடங்க வேண்டும். 16 பிட்டில் அதற்கு மேல் இடமில்லை. பென்டியம் டூ ஓடிய வேகத்தில் விடை அதைத் தாண்டிவிட்டது. விடை கொள்ளாமல் வழிந்தாலும் சரி, பூஜ்யத்தால் வகுத்தாலும் சரி, பிராசசர் எழுப்புவது ஒரே மணிதான். அதனால்தான் 200. வகுத்த எண் 55. பூஜ்யம் எங்குமே இல்லை.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒரு யூனிட்டை எழுதியவர், இனி வரப்போகும் இயந்திரங்கள் எவ்வளவு வேகமாக இருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டிருக்கிறார். காலம் அந்தக் கணக்கைத் தாண்டிப் போய்விட்டது. தாண்டிய இடம் எங்கள் கண் முன்னால் ஒரு எண்ணாக வந்து நிற்கிறது. திருத்திய யூனிட் ஒன்று ஃபிளாப்பியில் வந்து சேர்ந்தது. மூல வரிகள் கையில் இருந்த புரோகிராம்களை அதைச் சேர்த்து மறுபடி கம்பைல் செய்தோம். வரிகள் தொலைந்துபோனவற்றுக்கு, முடிந்த எக்ஸியையே திருத்தித் தரும் சின்னக் கருவி ஒன்றும் கிடைத்தது. இன்று யாராவது அந்தக் காலத்துப் பாஸ்கல் புரோகிராமை ஓட்ட வேண்டுமென்றால் டாஸ்பாக்ஸில் போட்டால் போதும். வேகத்தைக் குறைத்துக் கொடுத்து அது ஓட்டிவிடும்.

சென்டர் இருந்தது தெற்கு பஜாரில், ஒரு தையல் கடைக்கு மேல் மாடியில். படியேறினால் முதலில் செருப்பு. உள்ளே ஏசி, அது எங்களுக்கல்ல, பெட்டிகளுக்கு. வாசலில் கனமான திரை. மானிட்டர்களுக்குத் தைத்த உறை கீழே இருந்த கடையிலேயே தைத்தது என்பதால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சட்டைத் துணியில் இருக்கும். அண்ணன் பி.எஸ்சி. கணக்கு படித்தவர். கம்ப்யூட்டரை யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. மேனுவலைப் பக்கம் பக்கமாக வாசித்துத் தானாகக் கற்றுக்கொண்டவர். திரையில் ஒரு பெட்டி குதித்ததும் கை தன்னால் ஓகே பட்டனுக்குப் போகும் இல்லையா, அதை மட்டும் அவர் பொறுக்க மாட்டார்.

“லேய், ஓகேய அமுக்கிராத. அது என்ன சொல்லுதுன்னு மொதல்ல எழுது.”

எழுதுவதற்கென்றே நீள நோட்டு ஒன்று இருந்தது. கணக்குப்பிள்ளைகள் வைத்திருப்பார்களே, சிவப்பு அட்டை போட்டது, அது. தேதி, எந்தப் பெட்டி, திரையில் வந்த வரி எழுத்து பிசகாமல், அதற்கு முன்னால் என்ன செய்தோம், எதனால் சரியானது. நாலாவது பத்தியைத்தான் அவர் முதலில் பார்ப்பார். “அதுக்கு முன்னால என்ன செஞ்ச?” என்ற கேள்வியிலேயே பாதிப் பிழைகள் பிடிபட்டுவிடும். புது பிரிண்டர் மாட்டியிருப்போம். யாரோ ஒரு கேம் ஏற்றியிருப்பான். அல்லது பத்து நிமிஷம் முன்னால் கரண்ட் போய் வந்திருக்கும். “தானா கெட்டுப்போச்சுண்ணே” என்று சொன்னவனிடம் அவர் கோபப்பட்டதில்லை. அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, காலையிலிருந்து நடந்ததை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்வார்.

விஷுவல் பேசிக்கின் எண்கள் எங்களுக்கு மனப்பாடம். 7 என்றால் நினைவகம் போதவில்லை. 11 என்றால் பூஜ்யத்தால் வகுத்தது. 13, எண் கேட்ட இடத்தில் எழுத்தைக் கொடுத்தது. 53, ஃபைலைக் காணோம். 71, டிரைவில் ஃபிளாப்பி இல்லை. 76, பாதையே தப்பு. வகுப்புக்கு வராதவனைப் பற்றிக் கேட்டால் “அவன் இன்னைக்கு 53ல்லா” என்பான் ஒருத்தன். வெளி ஆட்களுக்குப் புரியாத அந்தப் பேச்சில் ஒரு பெருமை இருந்தது.

நோட்டில் நான் மறக்காத பக்கம் ஒன்று உண்டு. டவுன் ரத வீதியில் ஒரு ஜவுளிக்கடை. பில் போடுவதற்கு விஷுவல் பேசிக்கில் யாரோ எழுதிக் கொடுத்த புரோகிராம். வருஷக்கணக்கில் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. தீபாவளிக்கு முந்தின வாரம், கடை நிறைந்து வாசல்வரை ஜனம் நிற்கும் வேளையில், பில் போட்ட பையன் எண்டரைத் தட்டியதும் ‘ரன்டைம் எரர் 6, ஓவர்ஃப்ளோ’ என்று வந்து மூடிக்கொண்டது. மறுபடி திறந்தான், மறுபடியும் அதே. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டும் அதே. முதலாளி அண்ணாச்சி வேறு வழியில்லாமல் கார்பன் வைத்த பழைய பில் புத்தகத்தை எடுக்கச் சொல்லிவிட்டு, சென்டருக்கு ஆள் அனுப்பினார். அண்ணனின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து நானும் போனேன்.

அண்ணன் கீபோர்டைத் தொடவே இல்லை.

“கடைசியா அடிச்ச பில்ல காட்டுங்க அண்ணாச்சி.”

பையன் கம்பியில் குத்தியிருந்த மேல் தாளை உருவித் தந்தான். பில் எண் 32,767.

அந்த எண்ணைப் பார்த்ததும் அண்ணன் முகத்தில் வந்த தெளிவை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். விஷுவல் பேசிக்கில் ‘இன்டிஜர்’ என்று ஒரு எண்ணை அறிவித்தால் அதற்குக் கிடைப்பது 16 பிட். ஒன்று, கூட்டலா கழித்தலா என்ற குறிக்குப் போய்விடும். மிச்சம் 15 பிட்டில் அதிகபட்சம் அடங்குவது 32,767. எழுதியவர் பில் எண்ணை இன்டிஜராக வைத்துவிட்டார். முதல் பில் போட்ட அன்றே இந்த நாள் குறிக்கப்பட்டுவிட்டது. கடைக்கு வியாபாரம் நன்றாக நடந்தால் சீக்கிரம் வரும், மந்தமாக இருந்தால் தள்ளி வரும். கம்பைல் செய்யும்போது பிடிபடும் பிழைக்கும் ஓடும்போது எழும் பிழைக்கும் உள்ள வித்தியாசத்தை அந்தக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுதான் நான் முழுசாகப் புரிந்துகொண்டேன். முன்னது எழுத்துப் பிழை. எழுதியவன் மேஜையிலேயே நின்றுவிடும். பின்னது இலக்கணம் சுத்தமாக இருக்கிற வரிக்குள் உட்கார்ந்துகொண்டு, தனக்கான ஒரு சூழ்நிலை வரும்வரை எத்தனை வருஷமானாலும் காத்திருக்கும்.

எழுதியவர் ஊரில் இல்லை. மூல வரிகளும் கடையில் இல்லை. அண்ணன் பழைய டேட்டாபேஸ் ஃபைலைப் பேர் மாற்றி ஓரமாக வைத்தார். காலியான இன்னொன்றை அதன் இடத்தில் வைத்து, பில் எண்ணை ஒன்றிலிருந்து தொடங்கவிட்டார். துணி விலைப் பட்டியலை மட்டும் பழையதிலிருந்து இழுத்துக்கொண்டார். அரை மணி நேரத்தில் பிரிண்டர் மறுபடி கரகரத்தது. தீபாவளி முடிந்த பிறகு, எழுதியவரைத் தேடிப்பிடித்து வரிகளை வாங்கி, புரோகிராமிலும் டேட்டாபேஸிலும் இன்டிஜரை ‘லாங்’ ஆக்கினார். அதில் 214 கோடியே சொச்சம் வரை எண்ணலாம். அண்ணாச்சி காசோடு ஒரு வேட்டியும் கொடுத்தார். இதே 214 கோடி இன்னொரு இடத்திலும் எல்லையாக நிற்கிறது. 1970 ஜனவரி முதல் தேதியிலிருந்து நொடிகளை எண்ணும் 32 பிட் கடிகாரங்கள் 2038 ஜனவரி 19 அன்று, நம் நேரத்துக்குக் காலை 8 மணி 44 நிமிஷம் 7 நொடியில் நிறைந்துவிடும். அடுத்த நொடி அவற்றுக்கு 1901. பொங்கல் முடிந்த வாரம். புதிய பெட்டிகள் 64 பிட்டுக்கு மாறிவிட்டன. பழையவற்றை எங்கெங்கே மாட்டிவைத்திருக்கிறோம் என்று நினைத்தால் எனக்கு ரத வீதிதான் ஞாபகம் வரும்.

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது அந்த ஜவுளிக்கடைச் சம்பவத்துக்குக் கொஞ்சம் பிந்தி. சென்னை ரிச்சி தெருவில் உதிரிகளாக வாங்கி, அண்ணன் உட்கார்ந்து பூட்டித் தந்தது. அம்மா மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள். பக்கத்திலேயே ஸ்டெபிலைசர், ஃபிரிட்ஜுக்குப் போக மீந்தது. கரண்ட் போய் வந்தால், மறுபடி பூட் ஆகும்போது நீலத் திரையில் ஸ்கேன்டிஸ்க் ஓடும். மஞ்சள் பட்டை மெதுவாக நகர்ந்து முடியும்வரை அப்பா பேப்பரை மடித்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். அவருக்குத் தமிழில் கடிதம் அடிக்க வேண்டும். ஃபான்ட் மாறினால் எழுத்தெல்லாம் குறிகளாகிவிடும் காலம் அது.

விண்டோஸ் 95லும் 98லும், ஓடத் தொடங்கியதிலிருந்து மில்லிசெகண்டுகளை எண்ணும் 32 பிட் எண் ஒன்று உண்டு. அணைக்காமல் விட்டால் 49.7 நாளில் அது நிறைந்து, பெட்டி அப்படியே உறைந்துவிடலாம் என்பது பின்னால் தெரியவந்து, திருத்தமும் வந்தது. எங்கள் தெருவில் அந்தப் பிழையை யாரும் பார்த்திருக்க வழியில்லை. மின்வாரியம் அதற்கு முன்பே வந்து பெட்டிகளை அணைத்துவிடும்.

வீட்டுப் பெட்டி கற்றுக்கொடுத்த பாடம் ஒன்றை இன்றும் யார் கேட்டாலும் சொல்கிறேன். ஒரே புரோகிராம், ஒரே வேலையைச் செய்யும்போது, ஒரே முகவரியில் விழுகிறதென்றால் கோளாறு அந்தப் புரோகிராமில். இன்றைக்கு இது, நாளைக்கு அது, தினம் ஒரு முகவரி என்று மாறி மாறி விழுந்தால் மென்பொருளை நோண்டாதீர்கள். ரேமையும் சூட்டையும் கரண்டையும் பாருங்கள். எங்கள் பெட்டி சித்திரை மாதத்தில் இப்படி விழத் தொடங்கியது. ‘மெமரியை ரீட் செய்ய முடியவில்லை’ என்ற பெட்டி, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண்களோடு. அண்ணன் வந்து மூடியைக் கழற்றி, விரலை முதலில் கேபினெட்டின் தகரத்தில் வைத்து உடம்பிலிருந்த மின்சாரத்தை இறக்கிவிட்டு, ரேமை உருவினார். அதன் அடி விளிம்பில் வரிசையாகப் பொன் நிறப் பற்கள். தங்கையின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து ரப்பர் வாங்கி, அந்தப் பற்களை ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்தார். ரப்பர் தூள் கருப்பாக உதிர்ந்தது. வாயால் ஊதக் கூடாது, எச்சில் படும் என்று பிரஷ்ஷால் தட்டினார். இரண்டு பக்கக் கொண்டியும் ‘டக்’கென்று பூட்டும்வரை அழுத்தி மாட்டினார். அதன் பிறகு அந்தப் பெட்டி வரவில்லை. இப்போது விண்டோஸிலேயே ரேமைச் சோதிக்கும் கருவி இருக்கிறது. தேடுமிடத்தில் ‘மெமரி டயக்னாஸ்டிக்’ என்று அடித்தால் வரும். ராத்திரி ஓடவிட்டுக் காலையில் பார்க்கலாம். ரப்பர் வேலையும் பொய்த்துவிடவில்லை.

டிஎல்எல் பிழைகள் வேறு ஜாதி. விஷுவல் பேசிக்கில் எழுதியதை எக்ஸியாக்கி, பெருமையோடு சிநேகிதன் வீட்டுக்குக் கொண்டுபோனால் ‘எம்எஸ்விபிவிஎம்60.டிஎல்எல் இல்லை’ என்று நிற்கும். அந்த ஒரு ஃபைல் ஒரு ஃபிளாப்பியில் மட்டுமட்டாய் அடங்கும். அதைச் சட்டைப் பையில் போட்டு, சைக்கிளில் திரும்ப வந்து, சிஸ்டம் ஃபோல்டரில் போட்டால் அடுத்தது 339: ஓசிஎக்ஸ் ஒன்று பதிவாகவில்லை. மறுபடி சைக்கிள். ரன் பெட்டியில் ‘ரெக்எஸ்விஆர்32’ என்று அடித்து, பக்கத்தில் அந்த ஓசிஎக்ஸின் பேரைக் கொடுத்துத் தட்டினால், பதிவு வெற்றி என்று ஒரு பெட்டி வரும். சமாதானபுரத்துக்கும் தெற்கு பஜாருக்கும் நடுவே அந்தப் பெட்டியை வரவழைப்பதற்காகவே வெயிலில் மிதித்திருக்கிறேன்.

நாலு வீட்டுக்கு ஒரே ஆட்டுரல் என்பதுதான் டிஎல்எல்லின் ஏற்பாடு. ஒரு வீட்டார் குழவியை மாற்றிவைத்தால் மற்ற மூன்று வீட்டிலும் மாவு அரையாது. புதுப் புரோகிராம் தன்னோடு கொண்டுவந்த பழைய டிஎல்எல்லைப் பொது இடத்தில் போட்டு, இருந்த புதியதை அழித்துவிடும். நேற்றுவரை ஓடியது இன்று ஓடாது. விண்டோஸ் 2000 தன் முக்கிய ஃபைல்களை யாரும் மாற்றாதபடி காக்கத் தொடங்கியது. எக்ஸ்பியில் ஒரே டிஎல்எல்லின் வேறு வேறு பதிப்புகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வழி வந்தது. அதன் மிச்சத்தை இன்றும் பார்க்கலாம். உங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கும் புரோகிராம்களின் பட்டியலைத் திறந்தால் ‘விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்’ என்று வருஷம் வருஷமாக வரிசையாக நிற்கும். குப்பை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். ஒவ்வொன்றையும் நம்பி ஏதோ ஒரு புரோகிராம் இருக்கிறது. ‘எம்எஸ்விசிபி140.டிஎல்எல் இல்லை’ என்று வந்தால் அந்த ஒற்றை ஃபைலைக் கண்ட இடத்தில் தேடி இறக்க வேண்டாம். பிழையைத் தேடுகிறவர்களுக்கென்றே வைரஸைத் தடவி வைத்திருப்பவர்கள் உண்டு. மைக்ரோசாஃப்டின் இடத்திலிருந்தே முழு ரீடிஸ்ட்ரிபியூட்டபிளை எடுத்து, 32 பிட்டுக்கு உரியதையும் 64 பிட்டுக்கு உரியதையும் இரண்டையும் ஏற்றுங்கள். 7பி என்று முடியும் எண்ணோடு புரோகிராம் திறக்க மறுத்தால், பெரும்பாலும் இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று மாறிப்போனதுதான்.

2003 ஆகஸ்டுக்குள் சென்டரில் பாதி பிரௌசிங்குக்கு மாறியிருந்தது. நெட்டில் இணைத்த சில நிமிஷத்தில் ஒவ்வொரு எக்ஸ்பி பெட்டியிலும் ‘60 விநாடியில் கம்ப்யூட்டர் அணையும்’ என்று எண்ணிக்கை இறங்கத் தொடங்கியது. பிளாஸ்டர் புழு. ஆர்பிசி என்ற சேவையில் இருந்த ஓட்டை வழியாக நுழைவது. அது நுழைகிற வேகத்தில் அந்தச் சேவை விழ, அது இல்லாமல் விண்டோஸ் நிற்காது. ஓட்டைக்கான திருத்தம் ஜூலை 16ஆம் தேதியே வந்திருந்தது. புழு வந்தது ஆகஸ்ட் 11. அண்ணன் பெட்டிக்குப் பெட்டி ஓடி, ரன்னில் ‘ஷட்டவுன்’ என்று தட்டி, இடைவெளி விட்டு, சிறு கோடும் ஏ எழுத்தும் போட்டு எண்டரை அடித்தார். எண்ணிக்கை நின்றது. கிடைத்த அவகாசத்தில் ஃபயர்வாலைப் போட்டு, திருத்தத்தை இறக்கினோம். அன்று கடை அடைக்க வெகுநேரம் ஆயிற்று. அவர் எல்லாருக்கும் பரோட்டா வாங்கித் தந்தார்.

எக்ஸ்பிக்கான பராமரிப்பு 2014 ஏப்ரல் 8ஆம் தேதி முடிந்தது. சென்டர் அதற்கு வெகு முன்பே மூடியாயிற்று. மாடியில் இப்போது மூக்குக் கண்ணாடிக் கடை. அண்ணன் மகனோடு கோயம்புத்தூர் போய்விட்டார். நோட்டு என்ன ஆயிற்று என்று கேட்டேன்; பழைய பேப்பரோடு போயிருக்கும் என்றார். அவருக்கு அதில் வருத்தம் இருந்த மாதிரி தெரியவில்லை. எனக்கு இருக்கிறது.

இன்றைய இயந்திரங்கள் அப்படி விழுவதில்லை. அதை மறுத்துப் பேசினால் பாவம். ஒரு புரோகிராம் விழுந்தால் அது மட்டும் விழும், மற்றவை நிற்கும். அப்பா காத்திருந்த மஞ்சள் பட்டையை இன்று யாருக்கும் தெரியாது. ஆனால் விழும்போது சொல்லிவிட்டு விழுவதில்லை. ஜன்னல் மறைந்துவிடுகிறது, அவ்வளவுதான். அல்லது ‘ஏதோ தவறு நடந்துவிட்டது, பிறகு முயலவும்’ என்று ஒரு மழுப்பல். எண்ணும் இல்லை, முகவரியும் இல்லை. ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை அதிலிருந்து எதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகும்? விவரங்கள் எங்கும் போய்விடவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. விண்டோஸில் ‘ஈவென்ட் வியூவர்’ என்று தேடித் திறந்து, ‘அப்ளிகேஷன்’ பகுதியில் சிவப்புக் குறி போட்ட வரியைத் தொட்டால், விழுந்த புரோகிராமின் பேர், எந்த டிஎல்எல்லில் விழுந்தது, என்ன எண், எந்த நிமிஷம், எல்லாம் இருக்கிறது. அண்ணன் நோட்டின் முதல் மூன்று பத்திகளை இயந்திரமே எழுதி வைத்துக்கொண்டிருக்கிறது. திறந்து பார் என்று சொல்ல ஆளில்லை.

போன மாதம் அக்கா மகள் போன் செய்தாள். கல்லூரியில் பைத்தான் பாடம்.

“மாமா, ஓடமாட்டேங்கு. செவப்பா என்னமோ வருது. மூடிட்டு மறுபடி ஓட்டட்டா?”

“மூடாத. கடைசி வரிய வாசி.”

‘பாண்டாஸ்’ என்ற மாட்யூலைக் காணவில்லை என்று வாசித்தாள். நேற்றுத்தான் அதை ஏற்றினேனே என்றாள். அதற்கு முன்னால் என்ன செய்தாய் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, காலையில் வேறொரு பாடத்துக்காகப் புதுப் பைத்தான் ஒன்றை ஏற்றியதைச் சொன்னாள். பாண்டாஸ் பழைய பைத்தானுக்குள் இருக்கிறது, ஓடுவது புதியது. மாட்யூல்களை ஏற்றும் ‘பிப்’ கருவியைத் தனியாக அழைக்காமல், எந்தப் பைத்தான் ஓடுகிறதோ அதைக் கொண்டே அழைத்து ஏற்றச் சொன்னேன். ஸ்பீக்கரில் அவள் தட்டுகிற சத்தம் கேட்டது. வரிகள் ஓடி முடிந்ததும், “வந்துட்டு மாமா, ஆனா இப்ப வேற ஒண்ணு சொல்லுது” என்றாள். அதை அவளே வாசிக்கத் தொடங்கியிருந்தாள்.